தலையாட்டிக் கேட்ட கதை

அன்றைக்கு அக்கா மிச்சத்தையும் சொல்லியிருந்தால், என்ன சொல்லியிருப்பார்?

மகளுக்குச் சோறு குழைக்கும்போதும், மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதும் இதுதான் மனதில் ஓடுகிறது. விடை எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆளால் இப்போது கதைக்க முடியாது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் ஒரு சிறிய பெண்கள் அமைப்பு இருக்கிறது. இந்த நகரத்தில் ஏதாவதொன்றுக்காகத் தெருவில் இறங்கிய பெண்களின் கதைகளை அவர்களுடைய குரலிலேயே பதிவுசெய்து வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. காணாமல்போன ஆட்களைத் தேடி முகாம் முகாமாக அலைந்தவர்கள், அடிவாங்கி வந்த பெண்ணைக் கையில் பிடித்துப் பொலிசுக்குக் கூட்டிப்போனவர்கள், கருவாடு காயவைக்கும் கரைக்காக வீதியில் குந்தியிருந்தவர்கள். நான் அவர்களின் வீடுகளுக்குப் போவேன். ஃபோனை ஒரு கதிரையில் வைத்துப் பதிவை ஓடவிட்டுக் கேட்பேன். பிறகு வீட்டுக்கு வந்து, காதில் குரலை மாட்டிக்கொண்டு, சொல்லுக்குச் சொல் எழுதுவேன்.

இந்த வேலைக்கு நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம், மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர்கள் சொன்னதுதான். கணவர் கட்டாரில். என் அம்மா வவுனியாவில். நான் கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்தவள். துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் மகளும் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். படியில் கண்டால் சிரிப்பார்கள். ஜன்னலால் பார்த்தால் கோதுமை மா ஆலைக்கு வந்த கப்பல் தெரியும். சில கிழமைகளில், மகளையும் கடைக்காரரையும் தவிர நான் குரல் எடுத்துக் கதைத்த ஆள் ஒருவரும் இல்லை என்று சனிக்கிழமை பின்னேரம்தான் எனக்கு நினைவு வரும்.

வேலை தொடங்குமுன் எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். கொழும்பிலிருந்து வந்தவர் அருமையாகச் சொல்லித்தந்தார். ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: பதிவில் உங்கள் குரல் வரக்கூடாது. அவர்கள் கதைக்கும்போது ‘ஓம்’, ‘ம்’, ‘அப்படியா’ ஒன்றும் வேண்டாம். அது அவர்களின் சொற்களுக்கு மேலே விழுந்து கேட்கவிடாமல் செய்யும். கண்ணைப் பாருங்கள், தலையை மட்டும் ஆட்டுங்கள்.

நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான். கோடு போட்ட தாளில் கோட்டுக்கு வெளியே ஓர் எழுத்து போனால் அழித்துத் திரும்ப எழுதுகிற பிள்ளை.

அக்காவை ஊரில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபது தாண்டிவிட்டது, ஆனாலும் அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். மீன் சந்தையில் மீன் விற்றவர். சண்டைக்காலத்தில் கணவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் தொடங்கிய மாதர் சங்கம்தான் இந்த நகரத்துப் பெண்கள் பலருக்குக் கதவைத் தட்ட இருந்த முதல் வீடு. இப்போது கண்ணில் வெள்ளை படர்ந்து, மகளோடு இருக்கிறார். கண் அவ்வளவாகத் தெரியாது என்று சொன்னார்கள். ஆனால் அவர் வீட்டுக்குள் நடப்பதையும், கேத்தலை எடுத்துச் சிந்தாமல் தேத்தண்ணி ஊற்றுவதையும் பார்த்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நானும் அதை மறந்துபோனேன்.

முதல் நாள் போனபோது, “பிள்ளை, இது ஓடுதா?” என்று ஃபோன் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

“ஓம் அக்கா, ஓடுது.”

“அப்ப முதல்ல இதைப் பிடி. நான் தலைவியும் இல்ல, ஒண்டுமில்ல. எனக்குச் சத்தம் பெரிசு, அவ்வளவுதான். சத்தம் பெரிசா இருக்கிறவளை முன்னுக்குத் தள்ளிவிடுவாளுகள். பின்னால நிக்கிறவளுகள்தான் கெட்டிக்காரிகள்.”

பக்கத்தில் நிலத்தில் இருந்து பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்த அவருடைய மகள் சொன்னார், “ம்... இவ சத்தம் போட்டா சந்தையில செத்த மீனும் எழும்பி ஓடும்.”

“நீ காயை முறி.”

“முறிக்கிறன். நீ சொல்லு.”

அப்படித்தான் முதல் மூன்று தடவையும் நடந்தது. அக்கா சொல்லுவார், மகள் வேலை செய்துகொண்டே ‘ம்’ போடுவார். “ம்... பிறகு?” “ம்... அண்டைக்கு மழையெல்லோ?” “அய்யோ, அதைச் சொல்லாதை.” அந்தக் கதைகளை அவர் ஆயிரம் முறை கேட்டிருப்பார். ஆனாலும் ‘ம்’ தவறாது. நான் என் மகளை மடியில் வைத்து, அவளுடைய கைக்கு எட்டாமல் ஃபோனைத் தள்ளி வைத்து, தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். என் மகளும் அங்கே கிடந்த பயத்தங்காய்க் காம்புகளைப் பொறுக்கிக் கொடுத்து விளையாடுவாள். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டடியில், நகரத்துக்குள் திரிகிற மான்கள் பழத்தோல் தின்றுகொண்டு நிற்கும். அவற்றைப் பார்த்து அவள் கையை நீட்டுவாள். ஆனால் ‘மான்’ என்று சொல்லமாட்டாள்.

அது எனக்கு இன்னொரு கவலை. இரண்டு வயது முடிகிறது, அம்மா, பாப்பா, இன்னும் ஒன்றிரண்டு சொல் தவிர ஒன்றும் வரவில்லை. கிளினிக்கில் தாதி மிஸ்ஸி புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டு, “வீட்டில இவவோட ஆர் கதைக்கிறது?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். சொல்லிவிட்டு வீடு வரும்வரை யோசித்தேன். நான் பகலெல்லாம் காதில் மற்றவர்களின் குரலை மாட்டிக்கொண்டு இருக்கிறவள். அவள் என் முட்டியைத் தட்டும்போது ஒரு காதில் மாட்டியதை மட்டும் கழற்றிப் பார்ப்பவள்.

மூன்று பதிவுகளையும் எழுதி அனுப்பிய பிறகு, அலுவலகத்தில் சரிபார்க்கிறவர் ஃபோன் எடுத்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, “அந்த மகளின்ர சத்தம்தான் நல்லாக் குழப்புது. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு ‘ம்’. அடுத்தமுறை ஆளைக் கொஞ்சம் அங்கால அனுப்பேலாதா?” என்றார்.

உண்மையில் எனக்கும் அது தொந்தரவாகத்தான் இருந்தது. எழுதும்போது ஒவ்வொரு ‘ம்’மையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டியிருந்தது.

அதனால் நான்காவது தடவை போனபோது, ஒரு பிஸ்கற் பெட்டியையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெளிந்து நெளிந்து அக்காவின் மகளிடம் சொன்னேன்.

“ஓ, என்ர சத்தம் கூடாதோ?” அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். “சரி சரி, நான் சந்தைக்குப் போட்டு வாறன். அம்மா, உன்ர ரேடியோவை இண்டைக்கு நீயே போடு.”

அன்றைக்குத்தான் அக்கா கரைக் கதையைத் தொடங்கினார்.

இந்த இடத்தில் ரீச்சரையும் சொல்ல வேண்டும். ரீச்சர் பாலர் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மாதர் சங்கத்தை அக்காவோடு சேர்ந்து தொடங்கியவர். அக்காவுக்குச் சத்தம் என்றால் ரீச்சருக்கு எழுத்து, சிங்களம், அலுவலகத்தில் யாரை எப்படிக் கேட்பது என்ற விபரம். இரண்டு பேரும் ஒரே குடைக்குக் கீழே நடந்தவர்கள் என்று எல்லோரும் சொல்லுவார்கள். கனகாலமாக இருவரும் முகம் பார்ப்பதில்லை என்பதையும் எல்லோரும் சொல்லுவார்கள். ஏன் என்று மட்டும் ஒருவரும் சரியாகச் சொல்லமாட்டார்கள்.

அக்கா சொன்னதை நான் எழுதி வைத்தபடியே தருகிறேன்.

“பெண்டுகள் கருவாடு போடுற கரையில ஏதோ கட்டப்போகினம் எண்டு வேலி அடைக்க வந்தவங்கள். நாங்கள் ரோட்டில இருந்தனாங்கள் பிள்ளை. தார் கொதிக்குது. சாக்கைப் போட்டு அதுக்கு மேல இருந்தம். கைப்பிள்ளைக்காரியளும் இருந்தவளுகள். நானும் ரீச்சரும்தான் முன்னுக்கு. ஒஃபீசுக்குள்ள இருந்து ஒருத்தன் வந்து, ஓராள் மட்டும் வாங்கோ கதைப்பம் எண்டான். அவள் எழும்பினாள். படிச்சவள்தானே, போகட்டும் எண்டு நான்தான் விட்டனான். கொஞ்ச நேரத்தால வந்தாள். என்ர முகத்தைப் பாக்கேல்ல. எல்லாரும் எழும்புங்கோ, பாதிக் கரை தருவினமாம், வீட்ட போவம் எண்டாள். எழும்பிட்டாளுகள்! நாங்கள் வெயில்ல காஞ்சு கருவாடாகிறம், ரீச்சர் அம்மா ஃபானுக்குக் கீழ இருந்து தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வந்து கரையைப் பாதியா வெட்டிக் குடுத்திட்டா.”

இங்கே அக்கா ஒருமுறை நிறுத்தினார். என் மகள் மடியில் நித்திரை. நான் கண்ணைப் பார்த்தேன், தலையை ஆட்டினேன்.

“அதோட கதையில்ல. சந்தையில கண்டாலும் நான் மற்றப் பக்கம். ஊரெல்லாம் சொன்னனான். தேத்தண்ணி ரீச்சர் எண்டு பேரும் வச்சனான்.” சிரித்தார். “பிறகு ஒரு நாள், சல்லி அம்மன் கோயிலடியில...”

நிறுத்தினார். முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இருந்தார். நான் நன்றாகத் தலையை ஆட்டினேன். சிரிக்கவும் செய்தேன், சொல்லுங்கோ என்பதுபோல. பதிவில் அந்த இடத்தில் காகம் கத்துவது கேட்கிறது. தூரத்தில் பாண் விற்கிற வண்டியின் பாட்டு வந்து போகிறது. வேறொன்றும் இல்லை. கேட்கிறவர்களுக்கு அந்த அறையில் அக்கா தனியே இருப்பதுபோலத்தான் இருக்கும்.

பிறகு அக்கா சொன்னார், “சரி. நீ ரீச்சரிட்டயும் போறனீதானே.” இன்னும் கொஞ்சம் பொறுத்து, “விடு பிள்ளை. தேத்தண்ணி குடிப்பம்.”

களைத்துவிட்டார் என்று நினைத்தேன். பதிவை நிறுத்தினேன். நல்ல சுத்தமான பதிவு என்று சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த கிழமை ரீச்சரிடம் போனேன். வீடு முழுக்கத் துடைத்து வைத்தபடி. தொலைக்காட்சிக்கு மேல் ஒரு பூப்போட்ட துணி. பதிவு ஓடும்போது அவர் வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரிக் கதைப்பார். “அக்காலப்பகுதியில் மாதர்கள் பல இன்னல்களை எதிர்நோக்கினர்” என்பார். நிறுத்தினவுடன், “அப்பாடா, தங்கச்சி, சட்டைப் பொத்தானைக் கழட்டின மாதிரி இருக்கு” என்பார்.

கரைப் பிரச்சினை வந்தபோது பதிவில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “அன்று நான் உள்ளே சென்றேன். வெளியே வந்தேன். போராட்டம் முடிவுக்கு வந்தது.”

நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

“உள்ளுக்க இருந்தவர் ஜன்னலால அவவைக் காட்டினவர் தங்கச்சி. அந்த நீலச் சீலைதானே உங்கட ஆள், இன்னும் கொஞ்சத்தில அவவை மட்டும் வண்டியில ஏத்துவம் எண்டார். அவவின்ர மனுசனையும் அப்பிடித்தானே ஏத்தினது. பாதி போதும் எண்டிட்டு வந்திட்டன்.”

“ஏன் ரீச்சர், அவவிட்ட அதைச் சொல்லேல்ல?”

“அங்க வச்சுச் சொன்னா எழும்புவாவா? இன்னும் நல்லாக் காலை நீட்டி இருந்திருப்பா.”

“பிறகெண்டாலும்?”

“பிறகு எனக்கும் கோவம் வந்திட்டுது. தேத்தண்ணி ரீச்சராம். ஊர்ப் பெட்டையள் கேட்டுச் சிரிக்குதுகள். நான் அந்தத் தேத்தண்ணியில ஒரு சொட்டுக் குடிக்கேல்ல. கோப்பையைக் கொண்டுவந்து வச்ச பிள்ளைக்குத் தெரியும். சல்லிப் பெட்டை. அவள் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிண்டவள்.” பிறகு என் கையைப் பிடித்தார். “இது உங்களோட இருக்கட்டும். அவவிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. அவவுக்குத் தானாத் தெரியவந்ததோ, இல்லையோ... அதை மட்டும் எனக்கு ஒருக்கா அறியவேணும் போல இருக்கு. அவ்வளவுதான்.”

சல்லி, நகரத்துக்கு வெளியே உள்ள கரையோரக் கிராமம்; அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தேன். அக்கா நிறுத்திய இடம் சல்லிக் கோயிலடி. அந்தத் தேத்தண்ணிப் பிள்ளை, கோயில் திருவிழாவில் அக்காவைக் கண்டு, உள்ளே நடந்ததைச் சொல்லியிருப்பாளா? அதைத்தான் அக்கா சொல்ல வந்தாரா? அல்லது கோயிலடியில் ரீச்சரைக் கண்டு இன்னொரு சண்டையா? அல்லது வேறு ஏதாவதா?

ரீச்சரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் சொன்னதை, அவரே தன் பதிவைக் கேட்டுச் சரி என்று சொல்லும்வரை, மற்றவரிடம் சொல்லக்கூடாது. அது எங்கள் விதி. பதிவுக்கு வெளியே சொன்னதை ஒருபோதும் சொல்லக்கூடாது. அதுவும் விதி. விதி இருப்பது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அக்காவிடம் திரும்பப் போய் மிச்சத்தைக் கேட்டுவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா ஏன் நிறுத்தினார் என்பது எனக்கு விளங்கியது அதற்குப் பிறகுதான், அதுவும் என் கணவரால்.

அங்கே வைஃபை சரியில்லை என்று அன்றைக்கு அவர் வீடியோ இல்லாமல் எடுத்தார். வேலை செய்யும் இடத்தில் நடந்த ஏதோ ஒரு கரைச்சலைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மகளின் நகத்தை வெட்டிக்கொண்டே கேட்டேன். பாதியில் நிறுத்திவிட்டு, “என்ன, கோவமா?” என்றார்.

“இல்லையே. ஏன்?”

“இல்ல, சத்தத்தைக் காணேல்ல. நான் சுவரோட கதைக்கிற மாதிரி இருந்திச்சு.”

“தலையாட்டிக்கொண்டுதானே கேக்கிறன்.”

“நீ தலையாட்டுறது கட்டாருக்குத் தெரியுமோ?” சிரித்தார். “முந்தி நீ ‘ம்’ போடுற வேகத்தில எனக்குக் கதையே மறந்துபோகும். இப்ப கொஞ்சநாளா இப்பிடித்தான் இருக்கிறாய். நானும் கேக்க வேண்டாம் எண்டு விட்டிட்டன்.”

அவர் வைத்த பிறகும் நான் நகவெட்டியைப் பிடித்தபடி இருந்தேன். கண் தெரியாத மனுசிக்கு முன்னால் இருந்து தலையை ஆட்டியிருக்கிறேன். அவருடைய மகளின் ‘ம்’ அக்காவுக்கு ஒரு கைத்தடி மாதிரி இருந்திருக்கிறது. அதை நான்தான் பிஸ்கற் கொடுத்து வெளியில் அனுப்பினேன். தன் வாழ்க்கையில் சொல்லக் கூச்சமான இடத்துக்கு வந்து, நான் இருக்கிறேனா என்று பார்த்திருக்கிறார். அங்கே ஒரு சத்தமும் இல்லை. படித்த பிள்ளை, ரீச்சரின் பக்கம், என் கதை இவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பார். வேறு எப்படி நினைப்பார்?

எழுதி முடித்த பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். அந்த நாளுக்கு முந்திய மூன்று பதிவுகளிலும் அக்காவின் கதை ஓடுகிறது, அடைப்புக்குறிக்குள் அவருடைய மகள். ‘ஓம் அக்கா, ஓடுது’ என்ற ஒன்றைத் தவிர நான் எங்கும் இல்லை. இத்தனை மாதமாக இத்தனை பெண்களின் வீடுகளில் மணிக்கணக்காக இருந்திருக்கிறேன், எங்கேயும் நான் இருந்ததற்குச் சத்தம் இல்லை.

அடுத்த நாளே போக நினைத்தேன். மகளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. பெரிதாக ஒன்றுமில்லை, வைரஸ் என்றார் டொக்டர். ஆனால் நான் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நெற்றியில் கைவைத்துப் பார்க்கிற ஆள். காய்ச்சல் விட்ட பிறகும் இருமல் போகட்டும் என்று பார்த்தேன். வெயிலில் கொண்டுபோனால் திரும்ப வருமோ என்று பயந்தேன். அப்படி நாட்கள் போயின. அந்தக் கிழமைக் கடைசியில் அக்காவின் மகள் ஃபோன் எடுத்தார். அக்கா காலையில் குசினிக்குள், அடுப்படியில் விழுந்துவிட்டார். பாரிசவாதம். வலப்பக்கம் இழுத்துவிட்டது. கதை வரவில்லை.

பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ரீச்சர் என் வீட்டுக்கு வந்தார். அந்தச் செங்குத்தான படியில் ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி கதிரையில் இருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்தார்.

“எனக்கு அவவைப் போய்ப் பாக்கவேணும்.”

“போங்கோ ரீச்சர். நானும் வாறன்.”

“எப்பிடிப் போறது? நடந்தது அவவுக்குத் தெரியுமெண்டா, நான் பேசாமப் போய்ப் பக்கத்தில இருந்திட்டு வருவன். ஒண்டும் சொல்லத் தேவையில்ல. தெரியாதெண்டா, நான் அவவுக்கு இப்பவும் கரையை வித்த ஆள். வாய் ஏலாத மனுசிக்கு முன்னால போய் நிண்டு நான் என்ர நியாயத்தைச் சொல்லுறதோ? அவவுக்குத் திருப்பி ஏசவும் ஏலாது. நான் ஒண்டு சொன்னா அவ திருப்பி ஏசாம விட்டதே இல்ல, தங்கச்சி. இப்ப மட்டும் நான் எப்பிடித் தனியச் சொல்லிப்போட்டு வாறது?”

மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

“அவ உங்களிட்டக் கதைச்சிருக்கிறா. எனக்குத் தெரியும். அதைப் போட்டுக் காட்டுங்கோ. என்னை ஏசினதெண்டாலும் பறவாயில்ல. அவவின்ர சத்தத்தையும் கேட்டதா இருக்கும்.”

“போங்கோ ரீச்சர், அவ ஒண்டும் நினைக்கமாட்டா” என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளையைப் பார்க்கும் பார்வை. “இதை நீங்கள் சும்மா சொல்லுறீங்களோ, பதிவைக் கேட்டுச் சொல்லுறீங்களோ?”

“அலுவலகத்தில கேட்டுச் சொல்லுறன் ரீச்சர்” என்றேன்.

அலுவலகத்தில் கேட்டேன். “விதிப்படி ஏலாது. அவ தன்ர பதிவைக் கேட்டுச் சரி எண்டு சொல்லேல்ல” என்றார் பொறுப்பானவர். பிறகு குரலைத் தணித்து, “மனச்சாட்சிப்படி எண்டா என்னட்டக் கேக்காதேங்கோ, எனக்கும் தெரியாது” என்றார்.

அப்படியென்றால் அக்காவிடமே கேட்கலாம் என்று போனேன். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். என்னுடைய குரலைக் கேட்டதும் இடது கையை நீட்டினார். என் மகளைக் கட்டிலில் ஏற்றி வைத்தேன். அவளுடைய காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அக்கா, நீங்கள் கரைக் கதை சொன்னனீங்களே. அதை ரீச்சருக்குப் போட்டுக் காட்டட்டா?”

“ஓம்” என்றார் அக்கா. தெளிவாக.

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அப்போது அவருடைய மகள் வாசலில் நின்று தலையை அசைத்தார். “பொறுங்கோ. அம்மா, அதை அழிச்சுப் போடட்டாமோ?”

“ஓம்.”

“சாப்பிட்டனியோ?”

“ஓம்.”

“சாப்பிடேல்லத்தானே?”

“ஓம்.”

“இந்த ஒண்டு மட்டும்தான் வருது” என்றார் மகள். “வாழ்க்கையில ஒருத்தனுக்கும் ஓம் எண்டு சொல்லாத மனுசி. இப்ப பாருங்கோ, எல்லாத்துக்கும் ஓம்.” சிரிக்கத் தொடங்கி, அப்படியே குசினிக்குள் போய்விட்டார்.

அக்காவுக்கு விளங்குகிறது என்றுதான் டொக்டர் சொன்னாராம். எவ்வளவு விளங்குகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கையை அழுத்துங்கோ என்று கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அழுத்தினார். நான் திரும்பவும் திரும்பவும் கேட்டதில் அவர் கண்ணில் நீர் வந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

சல்லிக்கும் போய்வந்தேன், அந்தத் தேத்தண்ணிப் பிள்ளையைத் தேடி. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் விசாரித்தேன். அப்படி ஒருத்தி கலியாணம் முடித்து இந்தியாவுக்கோ எங்கேயோ போய்விட்டாள் என்றார்கள். பெயரே தெரியாமல் தேடுகிறேன் என்று ஒருவர் சிரித்தார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் பஸ்சுக்கு நின்றபோது, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். மகள் மத்தியான நித்திரையில் இருந்தபோது, அந்தப் பதிவைக் கணினியில் போட்டு, ஏச்சுகளை வெட்டிப் பார்த்தேன். ஃபான், தேத்தண்ணி, ரீச்சர் அம்மா எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போது அதில் அக்கா சொல்கிறார்: நானும் ரீச்சரும்தான் முன்னுக்கு, படிச்சவள்தானே, போகட்டும் எண்டு நான்தான் விட்டனான், பிறகு ஒரு நாள் சல்லி அம்மன் கோயிலடியில. கேட்டால் பிரியமான ஒருவரின் கதை மாதிரி இருக்கிறது. வெட்டிய இடம் தெரியவே இல்லை. இவ்வளவு இலகுவாக முடியும் என்பது எனக்குப் பயமாக இருந்தது. அழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஃபோனில் கிடக்கிறது.

முழுப் பதிவையும் போட்டுக் காட்டினால், ரீச்சர் ஏச்சையும் கேட்பார், அந்தச் சல்லியையும் கேட்பார். ஏச்சை அவர் தாங்கிக்கொள்வார் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு வரும் வெறுமையை எப்படித் தாங்குவார்? சல்லிக் கோயிலடியில் என்ன நடந்தது என்று அவரும் என்னைப்போலக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டி வரும். அதோடு, அக்கா ‘விடு பிள்ளை’ என்று சொன்ன பதிவு அது. விடு என்றது கதையையா, பதிவையா என்றும் எனக்குத் தெரியாது. வெட்டியதைக் கொடுத்தால் ரீச்சர் போவார், நிச்சயமாகப் போவார். ஆனால் அக்கா சொல்லாத ஒன்றை அக்காவின் வாயால் சொல்ல வைத்த ஆளாக நான் இருப்பேன். ஒன்றும் போடாமல் விட்டால், ஒருவர் கட்டிலிலும் ஒருவர் துடைத்து வைத்த வீட்டிலுமாக, ஒரே நகரத்தின் இரண்டு பக்கத்தில் இப்படியே இருந்துவிடுவார்கள்.

கணவரிடம் கேட்டேன். நீ யோசிக்கிறது கூடிப்போச்சு என்றார். அது உண்மைதான். ஆனால் அது விடை இல்லை.

பெயர்களை விட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அதுவும் விதியை மீறுவதுதான். இதை வாசிப்பவர்களில் சிலர் இப்படிப் பதிவு செய்கிற வேலையில் இருப்பீர்கள். சிலர் அக்கா மாதிரி, ரீச்சர் மாதிரி ஒருவரோடு கோபித்துக்கொண்டு இருப்பீர்கள். உங்களைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். உங்களுக்கு எது வேண்டும்? பாதியில் நிற்கும் குரலா, பூசி மெழுகிய குரலா, ஒன்றுமில்லாமல் ‘வாங்கோ போவம்’ என்று கையைப் பிடித்து இழுக்கிற ஓர் ஆளா? ரீச்சர் திரும்ப வருகிறேன் என்று சொல்லியிருந்தார். மகளுக்குச் சுகமில்லை, பிறகு வாங்கோ என்று நான் தள்ளிப்போட்டிருக்கிறேன். மகளுக்கு ஒன்றுமில்லை, நன்றாக ஓடித் திரிகிறாள். அந்தப் பொய் கனநாள் நிற்காது. என் இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று, அதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.